பத்தொன்பதாம் பக்கத்துத் தட்டு

சென்னை
19.6.2025

மதிப்பிற்குரிய நாடக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தென்காசித் திருமண மண்டபத்தில் நீங்கள் மேடையேற்றிய ‘சொல்ல வந்தவன்’ நாடகத்தின் காணொளி எனக்கு வந்துசேர்ந்தது. முழுவதும் பார்த்தேன். அதை எழுதியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

என் நாடகம் சிக்கலானது அல்ல. வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவன் அங்கேயே இறந்துபோகிறான். அவனோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஊருக்கு வந்து அதை அவனுடைய தாயிடம் சொல்ல வேண்டும். அவள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். “எம் மவன் சுகமா இருக்கானா?” என்று கேட்கிறாள். நண்பன் ஒரு நொடியும் தாமதிக்காமல் சொல்லிவிடுகிறான். அதன் பிறகு முப்பது நிமிடம், அப்படிச் சொன்னது சரியா, உண்மையை ஒளித்து வைக்க மனிதனுக்கு உரிமை உண்டா என்று இருவரும் வாதாடுகிறார்கள். அந்த வாதம்தான் நாடகம். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட பந்தல்.

நீங்கள் செய்தது என்ன? நாற்பத்தொன்றாவது நிமிடத்தில், நண்பன் வாயைத் திறக்கப் போகும் நேரத்தில், பார்வையாளர்களில் ஒரு பெண்மணி எழுந்து, “மொதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்கய்யா. பொறவு சொல்லலாம்” என்கிறார். உங்கள் நடிகர் அவருக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்துவிடுகிறார். தாயாக நடித்தவர் அந்த நடிகருக்கும் ஓர் இலையைப் போட்டுச் சோறு வைக்கிறார். பதினோரு நிமிடம் சாப்பிடுகிறார்கள். நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், பதினோரு நிமிடம். மண்டபத்தை எட்டு மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்பதால், ஒன்றரை வருடம் நான் உட்கார்ந்து எழுதிய வாதம் ஆறு நிமிடத்தில் முடிந்துபோனது.

சாப்பாட்டைப் பற்றி நான் நாடகம் எழுதவில்லை. ஆகவே ஜூலை 27 அன்று குற்றாலத்தில் இதை மீண்டும் மேடையேற்ற நான் சம்மதிக்கவில்லை. உங்கள் தொலைபேசி அழைப்புகளையும் எடுப்பதாக இல்லை. பதில் ஏதும் இருந்தால் தபாலில் எழுதுங்கள். கையால் எழுதும்போதாவது மனிதர்கள் யோசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
முனைவர் மசூது

---

தென்காசி
23.6.2025

மசூது,

“மதிப்பிற்குரிய” என்று பார்த்ததும் அடுத்த வீட்டுக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் தவறிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். ‘முனைவர்’ வரைக்கும் போட்டிருக்கிறாய். கோபம் தலைக்கேறினால்தான் உனக்குப் பட்டம் ஞாபகம் வரும்.

கையால் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். உடற்கல்வி ஆசிரியையின் கையெழுத்து இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று. உன் நாடகம் எங்கள் குழு இதுவரை கையில் எடுத்தவற்றிலேயே பெரியது. முதல் நாள் வாசித்து முடித்தபோது, நாங்கள் ஒத்திகை பார்க்கும் அச்சன்புதூர் அரிசி ஆலைக் கிட்டங்கியில் யாரும் எழுந்து டீ குடிக்கப் போகவில்லை. எட்டு வருடத்தில் அப்படி நடந்ததே கிடையாது. தாயாக நடிக்கும் மஞ்சு பகலெல்லாம் ரவிக்கை தைத்துவிட்டு ஒத்திகைக்கு வருகிறவள். உன் வசனத்தைத் தையல் மிஷினில் ஒட்டிவைத்து மனப்பாடம் செய்தாள். இதை முகஸ்துதி என்று நினைத்துவிடாதே. உன்னைப் போல் யோசிக்கிறவன் எங்கள் பக்கத்திலிருந்து போனான் என்பதில் எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை.

திருநெல்வேலியில் படித்தபோது ஒரு பட்டிமன்றத்தில் சீட்டு எடுத்துப் பார்த்து, உனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கட்சி வந்து, அதற்காகப் பேசி ஜெயித்தாயே, நினைவிருக்கிறதா? பரிசை வாங்கிவிட்டு மூன்று நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தாய். தவறானதை இத்தனை பேர் நம்பும்படி பேசிவிட்டேனே என்று புலம்பினாய். உனக்குள் ஒரு நடிகன் இருக்கிறான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீதான் அவனைப் பிடித்து உள்ளே போட்டுப் பூட்டிவிட்டாய்.

இனி ஜூன் 15-ஐப் பற்றி. அந்த அம்மா எழுந்து பேசியபோது எனக்கும் திக்கென்றது. ஓரத்தில் நின்று, நண்பனாக நடித்த பாண்டிராஜுக்கு ‘வசனத்தைச் சொல்’ என்று சைகை காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்துவிட்டான். மஞ்சு பரிமாறினாள். அவர்கள் சாப்பிட்டார்கள். இருநூறு பேர் இருந்த மண்டபத்தில் அப்பளம் நொறுங்கும் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது, மசூது. அவன் என்ன சொல்ல வந்திருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது. ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. நான் பார்த்த நாடகங்களில் அப்படி ஒரு பதினோரு நிமிடத்தைப் பார்த்ததே இல்லை.

முடிந்ததும் பாண்டிராஜைப் பிடித்துத் திட்டினேன். அவன் போலீஸ்காரன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “மேடம், நான் ஏழு வீட்டுக்குச் சாவு சொல்லப் போயிருக்கேன். உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தாகன்னா, வண்டிச் சாவியத் தொலைச்ச மாதிரி வாசல்லயே தேடிக்கிட்டு நிப்பேன். கை கழுவுத சத்தம் கேட்ட பொறவுதான் உள்ள போவேன். அந்தம்மா சொன்னதும் எனக்கு நாடகமே மறந்துபோச்சு.”

இதற்கு மேல் அவனை என்னவென்று திட்டுவது?

குற்றாலத்து மேடைக்காக எட்டு வருடமாக அலைகிறோம். சீசன் நேரம். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு ஜனம் வந்து உட்காரும். ஆகஸ்டில் பாண்டிராஜுக்கு மாற்றல் வேறு. இந்த ஒரு தடவை விட்டால் அவனை வைத்து உன் நாடகத்தை யாராலும் போட முடியாது. உன் அனுமதி இல்லாமல் நான் போட மாட்டேன், அது உனக்கே தெரியும். அதனால் கேட்கிறேன்.

குழல்வாய்மொழி

---

சென்னை
28.6.2025

குழலி,

சரி, ‘மதிப்பிற்குரிய’வை எடுத்துவிட்டேன். கோபத்தை எடுக்கவில்லை.

பாண்டிராஜின் வண்டிச் சாவியைப் பற்றி நான்கு நாள் யோசித்தேன். என் தத்துவ வகுப்பில் கூட அதைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. அவனை ஒரு முறை பார்க்க வேண்டும். ஆனால் அவன் செய்வது பொய். தொலையாத சாவியைத் தேடுவது பொய். கருணையுள்ள பொய், அழகான பொய், எதை வேண்டுமானாலும் முன்னால் சேர்த்துக்கொள். உள்ளே இருப்பவள் ஒரு சாவை அறியாமல் சாப்பிடுகிறாள். வெளியே நிற்பவன் அவளுக்காக ஒரு தீர்மானம் எடுத்துவிட்டான், அவளைக் கேட்காமலே. அவள் வாழ்க்கையின் மிகப் பெரிய செய்தி பத்து நிமிடம் இன்னொருவன் சட்டைப்பையில் இருக்கிறது. இதற்கு யார் அவனுக்கு உரிமை கொடுத்தது? இதைத்தான் என் நாடகம் கேட்கிறது. உண்மைக்கு முகூர்த்தம் பார்க்க முடியாது.

தத்துவக்காரர்கள் பலருக்கு நாடகத்தின் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. காரணம் இதுதான். அரங்கில் அழகாக இருப்பது ஜெயித்துவிடுகிறது. சரியாக இருப்பது தோற்றுப்போகிறது. அப்பளம் நொறுங்கிய சத்தத்தில் என் கேள்வி காணாமல் போனதை நீயே கொண்டாடுகிறாய். நீ எழுதியதை வாசித்தபோது எனக்கும் அந்த மண்டபத்தில் இருந்திருக்கலாமே என்று தோன்றியது. அதுதான் ஆபத்து என்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பெண்மணி யார்? நீ அழைத்து வந்தாயா? அப்படிப் பேசச் சொல்லி உட்காரவைத்தாயா? அவருக்கு யார் தகவல் சொன்னது? இதற்கு மட்டும் நேரான பதில் வேண்டும். இதைச் சொன்ன பிறகு அனுமதியைப் பற்றிப் பேசலாம்.

மசூது

---

தென்காசி
3.7.2025

மசூது,

நேரான பதில்: எனக்கு அவரைத் தெரியாது. நான் யாரையும் உட்காரவைக்கவில்லை. அப்படியெல்லாம் ஆள் வைத்து நாடகம் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியாதா? கொஞ்சம் வலித்தது.

நடந்தது இவ்வளவுதான். கடையநல்லூர் கடைத்தெருவில் நானும் மஞ்சுவும் இரண்டு நாள் நோட்டீஸ் கொடுத்தோம். “எழுதியவர்: கடையநல்லூர் மசூது” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். ஊர்க்காரன் பெயருக்கு நாலு பேர் வருவார்கள் என்ற ஆசை. அந்த அம்மா தனியாக வந்தார், வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். கையில் எங்கள் நோட்டீஸ் நாலாக மடித்து இருந்தது. நாடகம் முடிந்து நான் தேடுவதற்குள் பேருந்துக்குப் போய்விட்டார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஏன் அவரைப் பற்றி இத்தனை கேட்கிறாய்? காணொளியில் அவர் முகம் கூடத் தெரியவில்லையே.

உன் கடிதத்துக்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. ஆனால் உன் நாடகத்தை உன்னைவிட அதிக தடவை படித்தவள். பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்துப் பார். “தாய் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறாள்” என்று நீதான் எழுதியிருக்கிறாய். நான் எழுதவில்லை. வாதம் மட்டும்தான் நாடகம் என்றால் அவள் துணி மடித்துக்கொண்டு இருந்திருக்கலாம், வாசல் தெளித்துக்கொண்டு இருந்திருக்கலாம், சும்மா நின்றுகொண்டு இருந்திருக்கலாம். நண்பன் வரும் நேரத்தில் அவள் முன்னால் சோற்றை வைத்தது யார்? உன் தத்துவத்துக்குத் தட்டு எதற்கு?

தட்டு என்று ஒன்றை மேடையில் வைத்துவிட்டால் ஜனம் அதைத்தான் பார்க்கும். அவள் சாப்பிட்டாளா, இல்லையா என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும். வகுப்பில் நீ ‘ஒரு பெண்’ என்கிறாய். மேடையில் அவள் மஞ்சு. காலையில் இரண்டு இட்லி தின்றுவிட்டு வந்தவள். பசிக்கிறவள். உன் கேள்வி தொலைந்துபோகவில்லை, மசூது. உண்மையைச் சொல்லலாமா என்று நீ கேட்டாய், எப்போது சொல்வது என்று அந்த அம்மா கேட்டார். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடையேறும் முன்பு ஒரு நாள் எல்லாரும் வேடத்தை மாற்றிக்கொண்டு ஒத்திகை பார்ப்போம். அடிக்கிறவன் அடி வாங்குகிறவனாக நிற்பான். எழுதியவரும் வந்து, தனக்கு எதிர்க்கட்சி எதுவோ அந்த வேடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும். எட்டு நாடகத்துக்கும் எழுதியவர்கள் வந்து நின்றார்கள். நீ ஒருவன்தான் சென்னையில் தேர்வுத்தாள் திருத்த வேண்டும் என்று வராமல் இருந்துவிட்டாய். அதனால்தான் இந்த நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

குழலி

---

சென்னை
9.7.2025

குழலி,

உன்னைச் சந்தேகப்பட்டது தவறு. மன்னித்துவிடு.

அந்தக் குரல் என் அக்கா ஹாஜரா பீவியின் குரல். காணொளியில் கேட்ட மறுநொடியே தெரிந்துவிட்டது. ஒன்பது வருடமாக அந்தக் குரல் என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. என் நாடகத்தோடு பேசியிருக்கிறது.

உன்னிடம் கூட நான் இதைச் சொன்னதில்லை. 2016-இல், நோன்பு மாதம், விடுமுறைக்கு ஊருக்கு வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். மச்சான் சவுதியில், தமாமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை கடைத்தெருவில் நிற்கும்போது எனக்குத் தொலைபேசி வந்தது. மச்சானோடு தங்கியிருந்தவர் பேசினார். மதியம் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வீடு வரைக்கும் நடந்தேன். நடந்துகொண்டே யோசித்தேன். சும்மா இருக்கும்போது கூட யோசிக்கிறவன் இல்லையா நான்? நான் மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு நான் செய்யும் துரோகம் என்று முடிவு செய்தேன். உள்ளே நுழைந்தேன். பாங்கு சொல்ல எட்டு நிமிடம் இருந்தது. அக்கா மகள் பாஹிமா டியூஷனுக்குப் போயிருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் இரண்டு கிண்ணத்தில் நோன்புக் கஞ்சி. நின்றபடியே சொன்னேன். “அக்கா, மச்சான் மௌத்தாயிட்டாங்க.”

அவள் கத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கிண்ணத்தையும் தட்டு வைத்து மூடினாள். அந்தக் கஞ்சியை அன்று யாரும் குடிக்கவில்லை.

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். வருடத்துக்கு ஒரு முறை போகிறேன். சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள். பேச வேண்டியதைப் பாஹிமாவிடம் சொல்லி அனுப்புவாள். நோன்பு திறக்க விடாமல் சொன்னதுதான் என் குற்றம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் செய்தது சரி என்றும் நினைத்தேன். ஒன்பது வருடமும் அப்படித்தான் நினைத்தேன். அதை நிரூபிக்கத்தான் இந்த நாடகத்தை எழுதினேன். தட்டை யார் வைத்தது என்று கேட்டாய். நான்தான் வைத்தேன். வைத்தது எனக்கே தெரியவில்லை.

அவள் நோட்டீஸில் என் பெயரைப் பார்த்துவிட்டு, ஒற்றையாகப் பேருந்து ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நாடகத்தைப் போடவேண்டாம், குழலி. இப்போது கேட்பது கோபத்தில் இல்லை. இருநூறு பேர் முன்னால் அவள் எனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. நீ வேண்டுமானால் கடையநல்லூருக்குப் போய் அவளைப் பார்த்து, என்ன நினைக்கிறாள் என்று விசாரித்துச் சொல்.

மசூது

---

தென்காசி
14.7.2025

மசூது,

உன் கடிதத்தைப் பள்ளி மைதானத்தில் நின்று படித்தேன். பிள்ளைகள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். விசில் ஊத மறந்துவிட்டேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் மச்சானுக்காக, அக்காவுக்காக, பிறகு உனக்காகவும்தான்.

கடையநல்லூருக்கு நான் போகமாட்டேன். என் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். போனால் உன் அக்கா என்னிடம் பேசுவார், எனக்கே தெரியும். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் ஒன்பது வருடமாகப் பாஹிமா வழியாகப் பேசியது போதாதா? இப்போது என் வழியாக வேறு பேச வேண்டுமா?

தீர்ப்பு என்று எழுதியிருந்தாய். நான் அவரை நேரில் பார்த்தவள். ஜட்ஜ் மாதிரி இல்லை அவர் முகம். பந்தியில் யாருக்காவது இலை விட்டுப்போனால் ஒரு பெண் எப்படி எழுந்து நிற்பாளோ அப்படி நின்றார். நீ காணொளியில் குரலைத்தான் கேட்டாய்.

வரும் ஞாயிறு, 20-ஆம் தேதி காலையில், கிட்டங்கியில் வேடம் மாற்றும் ஒத்திகை வைத்திருக்கிறேன். நீ அனுமதி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒத்திகை உண்டு. நாடகம் எங்களுடையது இல்லை, வழக்கம் எங்களுடையது. நீ வா. தாயின் வேடத்தில் உட்கார். பாண்டிராஜ் வந்து உன்னிடம் சொல்லட்டும்.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நீ என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று எனக்கு ஒரு தடவை எழுதியிருந்தாய். நம் பழைய வாதக்காரர்கள் எதிராளியின் கட்சியை அவனே மெச்சும்படி முழுவதும் எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுப்பார்கள், அதற்குப் பெயர் பரபக்கம், அதைச் செய்யாதவனுக்கு மறுக்கும் தகுதி இல்லை என்று. அதை வாசித்தபோது, அட, இது நாங்கள் செய்வதுதானே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் வாயால் செய்வதை நாங்கள் உடம்பால் செய்கிறோம். உன் மேல் எனக்கு இருக்கும் மதிப்பில் பாதி அந்த ஒரு கடிதத்தால் வந்தது.

உன் அக்காவின் கட்சியை நீ இன்னும் ஒரு தடவை கூடச் சொல்லிப் பார்க்கவில்லை, மசூது. வந்து சொல்லிப் பார். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், மஞ்சுவிடமும் பாண்டிராஜிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சாரல் விடாமல் பெய்கிறது. குடை கொண்டுவா.

குழலி

---

சென்னை
22.7.2025

குழலி,

ஒத்திகையின் நடுவே உன்னிடம் எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியதற்கு மன்னித்துவிடு. குடையையும் அங்கேயே விட்டுவிட்டேன். பாண்டிராஜ் பின்னாலேயே வந்து தன் வண்டியில் கடையநல்லூரில் இறக்கிவிட்டான். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பையன் ஒரு ஞானி.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் பார்த்தது, ஒரு வழுக்கைத் தலைப் பேராசிரியர் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ரசம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை. மஞ்சு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள், கவனித்தேன். எனக்கும் முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு பாண்டிராஜ் கதவருகே வந்து நின்றான். இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவன் நின்ற நிற்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதியவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று நீ கேட்கலாம். அதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரிந்துவிடும் என்று தெரிந்தது. தெரியாதவள் போல உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். அதற்காக என் கை தானாக ஒரு வேலையைத் தேடியது. அப்பளத்தை எடுத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக உடைக்க ஆரம்பித்தது.

அந்த மெதுவான கையை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று புரிந்தபோதுதான் எழுந்து ஓடினேன்.

அக்கா அன்று பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள் என்று எழுதினேன் அல்லவா? அவள் எதையும் சட்டுப்புட்டென்று செய்கிறவள். அன்று ஒரு பழத்துக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தாள். முகம் வேர்க்க நான் வந்து நின்றபோது என்ன விஷயம் என்று கேட்கவில்லை. யார் பேசியது என்று கேட்கவில்லை. சொன்ன பிறகு எப்படி, எப்போது என்று கூடக் கேட்கவில்லை. ஒன்பது வருடம் இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு நான் எதையும் பார்க்கவில்லை.

அக்கா வீட்டுக்குப் போனபோது பகல் ஒரு மணி. ஈரத்தோடு நின்றேன். துண்டைக் கொடுத்தாள், பேசவில்லை. தட்டை வைத்தாள். நான் முதலில் சாப்பிட்டேன், குழலி. அதையாவது கற்றுக்கொண்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டேன்.

“அக்கா, அன்னைக்கு நான் வருறதுக்கு முன்னாடியே ஒனக்குத் தெரியுமா?”

என் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “அசருக்கே தெரியும்.” பிற்பகல் தொழுகை நேரத்துக்கே.

அடுத்த தெருவில் ஒருவர் வீட்டுக்குத் தமாமிலிருந்து முன்னமே செய்தி வந்து, அந்த வீட்டுப் பெண் ஓடிவந்து சொல்லியிருக்கிறாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பாங்கு சொல்லும் வரைக்கும் யாரும் வீட்டுக்கு வந்து அழவேண்டாம், தம்பி நோன்போடு இருக்கிறான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதன் பிறகு எழுந்து கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். புருஷன் இறந்த செய்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, எனக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“விடியக்காலம் ரெண்டு வாய்தான் தின்னிருந்தே. நீ நோன்பு தொறந்த பொறவு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். நீ வந்து நின்னு பாடம் ஒப்பிச்ச மாதிரி சொன்னே. சொன்னதுக்குக் கோவம் இல்லலே. எம் மொகத்த ஒரு தடவ பார்த்திருந்தா ஒனக்கே தெரிஞ்சிருக்கும்.”

ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் அக்கா என்னிடம் பேசியது இது. நான் அவள் மடியில் தலை வைத்து அழுதேன். ஐம்பதை நெருங்கும் மனிதன் அழுவதைப் பார்த்து எதிர்வீட்டுக் குழந்தை பயந்து ஓடியது. அவளும் அழுதாள். அன்று அழ வேண்டியதை எல்லாம் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன்.

சொல்ல வந்தவன் நான் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லக் காத்திருந்தவள் அவள். அந்த வீட்டில் அன்று நடந்த நடிப்பை நான் பொய் என்று எந்த வகுப்பில் நின்று சொல்வேன்? தென்காசியில் அவள் எழுந்து “ரெண்டு பேரும் சாப்பிடுங்க” என்றாளே, அந்த “ரெண்டு பேரும்” யார் யார் என்று காணொளியை எத்தனை முறை பார்த்தும் எனக்குப் பிடிபடாமல் போனது. அவளும் நானும்தான். பாண்டிராஜ் உட்காரும் அளவுக்குத் தெரிந்துகொண்டான். மஞ்சு ஓர் இலை போடும் அளவுக்குத் தெரிந்துகொண்டாள். நீயும் மேடையேறித் தடுக்காமல் விட்டாய்.

உங்கள் கிட்டங்கியில், அரிசித் தவிட்டு வாசனைக்கு நடுவே, நீங்கள் செய்வது என்ன என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பரபக்கத்தை நான் இருபது வருடம் கற்பித்திருக்கிறேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தது ஞாயிற்றுக்கிழமைதான். உன்னைப் போல ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று அடுத்த வகுப்பில் சொல்லப் போகிறேன். பெயரோடு சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே.

என் வாதம் முப்பது நிமிடம் வேண்டாம். ஆறு நிமிடமே அதிகம். நீயே பார்த்துக் குறைத்துக்கொள். சாப்பாட்டை மட்டும் அவசரப்படுத்தாதே.

27-ஆம் தேதி வருகிறேன். முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் வை. அக்கா அருவிக்கரை பஜ்ஜியை நம்ப மாட்டாளாம். வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறாள். பாண்டிராஜுக்கும் மஞ்சுவுக்கும் சேர்த்து என்று சொல்லச் சொன்னாள். அவளே என்னிடம் சொன்னாள்.

ஒரே ஒரு திருத்தம். பக்கம் 19, முதல் வரி. “தாய் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறாள்” என்பதை அடித்துவிடு. “தாய் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்” என்று எழுதிக்கொள்.

மசூது